வாங்கிய செடி பிழைத்தால் ஆள் திரும்பி வருவார்: மீன்தொட்டிச் செடி ஏலம் நடத்துகிறவர்களுக்கு

கேரள எல்லையில் குமுளிப் பக்கம் ஓடைத் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை முக்கினால் 40, 50 என்று நிற்கும். லோயர் கேம்ப் வளைவுகளில் இறங்கி ஒரு மணி நேரத்தில் கம்பம் வந்து போர் தண்ணீரில் அதே மீட்டரை முக்கினால் 700 காட்டுகிற வீடும் உண்டு. மேலே மே மாதத்திலும் தொட்டி 26 டிகிரியில் கிடக்கும். கீழே மொட்டைமாடிக்கு அடியில் உள்ள அறையில் அது 32-ஐத் தொடும். இந்த இரண்டு தண்ணீர்க்காரர்களும் ஒரே ஏலத்தில் உட்கார்ந்து ஒருவர் செடியை மற்றவர் வாங்குகிறார்கள். எல்லையோரத்துச் செடி ஏலத்தின் அழகும் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

ஏலம் தொடங்கிய புதிதில் எந்தக் குழுவுக்கும் கூட்டம் சேரும். போகப் போகத் தேய்ந்து, கடைசியில் செடி கொண்டுவந்தவர்களே ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிற நிலை வரும். அப்போது விளம்பரம் போதவில்லை, மண்டபம் தூரம், விலை அதிகம் என்று காரணம் தேடுவோம். வராமல் நின்றுபோனவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் திரும்பத் திரும்ப வருகிற பதில் வேறு: "போன தடவை வாங்கினதெல்லாம் கரைஞ்சு போச்சுண்ணே." ஆளைத் தக்கவைக்கிற வேலையை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பரிசும் டீயும் போண்டாவும் அதற்குப் பிறகு.

கிரிப்டோகோரைன் வென்ட்டியைப் பாருங்கள். எல்லோரும் கிரிப்ட் என்று சொல்கிற, இலங்கையைப் பிறப்பிடமாகக் கொண்ட செடி. உப்பு குறைந்த மென்மையான தண்ணீரிலும் வாழும், உப்பு மிகுந்த கடினமான தண்ணீரிலும் வாழும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திடீரென்று மாற்றினால் பொறுக்காது. மலையில் வளர்ந்ததைக் கீழே கொண்டுபோய் நட்டால் நாலைந்து நாளில் இலை கண்ணாடிபோல் ஆகி, காம்போடு குழைந்து, கூழாகிவிடும். வேரும் அடித்தண்டும் உயிரோடுதான் இருக்கும். கூழான இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, நட்ட இடத்தைவிட்டு அசைக்காமல் விட்டால் மூன்று நாலு வாரத்தில் புது இலை சுருளாக எட்டிப் பார்க்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது எப்படித் தெரியும்? ஐந்தாம் நாளே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அழுகல் செடியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மனதுக்குள் வைத்துக்கொள்வார். சண்டைக்கு வரமாட்டார். அடுத்த ஏலத்துக்கும் வரமாட்டார்.

நீருக்கு மேல் வளர்த்த செடியிலும் இதேதான் நடக்கிறது. மலையின் ஈரக்காற்றில் ரொட்டாலா, ஹைக்ரோஃபிலா, அனுபியாஸ் எல்லாம் தொட்டிக்கு வெளியே, வேர் மட்டும் நனைய, அருமையாகத் தழைக்கும். தடித்த, பளபளப்பான, பாசி ஒட்டாத இலை. ஏல மேசையில் அதுதான் கண்ணைப் பறிக்கும், விலையும் போகும். தண்ணீருக்குள் போனதும் தண்டுச் செடிகளின் பழைய இலை இரண்டு வாரத்தில் உதிர்ந்து, வேறு வடிவில் புது இலை வரும். ரொட்டாலா ரொட்டண்டிஃபோலியா வெளியே இருக்கும்போது வட்ட இலையும் உள்ளே போனால் குறுகிய நீள இலையும் விடும். செடியையே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று வாங்கியவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதனால் பையோடு ஒரு சீட்டு போக வேண்டும். தாளில் பென்சிலால் எழுதி ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டுப் பைக்குள் வையுங்கள். மைப்பேனா எழுத்து ஈரத்தில் கலங்கிவிடும். ஐஸ்கிரீம் டப்பா மூடியைப் பட்டையாக வெட்டி அழியாத மார்க்கரால் எழுதினாலும் சரி. சீட்டு இப்படி இருக்கட்டும்:

கிரிப்ட் வென்ட்டி, பழுப்பு. 3 செடி, வேரோடு. தொட்டிக்குள் வளர்ந்தது. என் தண்ணீர் 60 டிடிஎஸ். குறைந்த வெளிச்சம் போதும், கார்பன் டை ஆக்சைடு செலுத்த வேண்டாம். இலை கரையும், பிடுங்காமல் ஒரு மாதம் பொறுங்கள்.

இதில் கடைசி வரிதான் ஏலத்தைக் காப்பாற்றுகிறது. செடியின் பெயரை முடிந்தால் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்திலும் எழுதிவிடுங்கள். நாம் பாசி என்பதை மலையாளம் பேசுகிறவர்கள் பாயல் என்பார்கள். அந்தப் பாயல் என்ற சொல்லுக்குள் ஜாவா மாஸும் வரும், மிதக்கிற களைச்செடியும் வரும். பேச்சில் நம்பி விட்டால் ஒன்று கேட்டவருக்கு வேறொன்று போய்ச் சேரும்.

தண்ணீருக்கு ஏற்ற ஆளிடம் செடி போக ஒரு எளிய வழி, பையில் வண்ண வட்டம் ஒட்டுவது. மென்மையான தண்ணீர் மட்டுமே கேட்கிற செடிக்குப் பச்சை, எதிலும் வளர்வதற்கு நீலம். ரொட்டாலா மக்ராண்ட்ரா நம் தென்னிந்தியாவின் செடிதான், அந்தச் சிவப்புக்கு மயங்காதவர் இல்லை. ஆனால் மென்மையான தண்ணீர், நல்ல வெளிச்சம், கார்பன் டை ஆக்சைடு மூன்றும் கேட்கும். 700 டிடிஎஸ் போர் தண்ணீரில் அது பெரும்பாலும் அடியிலிருந்து கறுத்துக்கொண்டே வரும். வாலிஸ்நேரியாவோ கடினமான தண்ணீரில் சந்தோஷமாக ஓடிப் படரும். பச்சை வட்டம் ஒட்டிய பையை ஏலம் விடுகிறவர் கையில் எடுத்ததும் "போர் தண்ணிக்காரங்க யோசிச்சுக் கேளுங்க" என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வார்த்தையால் விலை இருபது, முப்பது ரூபாய் இறங்கலாம். இறங்கட்டும்.

அடுத்தது, செடியோடு கூடவே போகிறவை. ஒரு பையில் வந்த நத்தை பத்துத் தொட்டிக்குப் பரவினால் அந்தப் பத்துப் பேரும் கொடுத்தவர் பெயரை மறக்கமாட்டார்கள். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பே செடியை வெட்டி எடுத்து, தனி வாளியில் வைத்துப் பாருங்கள். நத்தைக்குப் படிகாரம் போதும்: 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டித் தூள், இரண்டு மூன்று மணி நேரம், பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசல். முட்டை மட்டும் அந்த வழவழப்புக்குள் தப்பிவிடும், அதனால் இலையின் அடிப்பக்கத்தை விரலால் வழித்துவிட வேண்டும். ஹைட்ராவுக்கும் மற்றப் பூச்சிகளுக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட். 1 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், அதில் 1 மில்லி ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆகும். 5 லிட்டர் வாளிக்கு 5 மில்லி விட்டுப் பத்து நிமிடம் வைக்கலாம். மாஸ் மாதிரி மெல்லிய இலைக்கு ஐந்து நிமிடம் போதும். கண்ணளவில் போட்டுக் கறுப்பாக்கினால் இலை பழுப்பேறிச் செத்துவிடும். டக்வீடு என்கிற பொடி மிதவைச் செடிக்கு எந்த மருந்தும் பலிக்காது, கையால்தான் பொறுக்க வேண்டும். ஒரு இலை மிஞ்சினாலும் ஒரு மாதத்தில் தொட்டியின் முகமே மூடிவிடும். கறுப்புப் பிரஷ் பாசி ஒட்டிய அனுபியாஸை ஏலத்துக்கு எடுப்பதே இல்லை என்று ஒரு விதி வைத்துவிடுவது நல்லது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏலக்காய்த் தோட்டத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் அடிக்கடி மருந்து அடிப்பார்கள். அந்தத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் வாய்க்காலில் எடுத்த செடியைச் செர்ரி இறால் தொட்டியில் போட்டால், மீனுக்கு ஒன்றும் ஆகாது, இறால் மட்டும் ஒரே இரவில் கவிழ்ந்து கிடக்கலாம். பூச்சிக்கொல்லி இறாலுக்கு அவ்வளவு நஞ்சு. வாய்க்கால் செடியையும், எங்கே வாங்கியது என்று தெரியாத செடியையும் சீட்டில் "இறாலுக்கு ஆகாது" என்று எழுதியே விடுங்கள்.

பைகட்டுவதில் எல்லோரும் செய்கிற தவறு, மீனுக்குக் கட்டுவதுபோல் தண்ணீரை நிறைப்பது. குலுங்கக் குலுங்க இலை உடையும், பையும் கனக்கும். தண்டுச் செடிக்கு ஒரு விரல் ஆழத் தண்ணீர், மிச்சம் காற்று. 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் எட்டுத் தண்டு ஒரு கட்டு. ரப்பர் பேண்டை இறுக்கினால் அந்த இடத்தில் தண்டு நசுங்கி அழுகும், ஈரத் துணிநாடாவால் தளர்வாகக் கட்டினால் போதும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பியூசெஃபலாண்ட்ரா மூன்றையும் நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி ஜிப் கவரில் போட்டாலே ஒரு நாள் தாங்கும். எல்லாவற்றையும் மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் அடுக்குங்கள். பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இன்ஜின் மேடையிலோ பைக்கின் பெட்ரோல் டேங்கின் மேலோ வைத்துக் கொண்டுவந்த பைதான் மண்டபத்துக்கு வரும்போதே வெந்திருக்கும். குளிர்ச்சிக்கு ஐஸ் பாட்டில் வைப்பதானால் தாளில் சுற்றி வையுங்கள். நேராகப் பட்டால் இலை கறுக்கும்.

இனி மண்டபத்துக்கு வருவோம். போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். கம்ப்யூட்டரில் விலை போட்டாலும், ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் வியாபாரி கைக்கு வந்து, அவர் நிறமும் பருமனும் பார்த்த பிறகுதான் விலை ஏறும். செடி ஏலத்திலும் பார்வை நேரம் 45 நிமிடம் கட்டாயம் வேண்டும். நல்ல வெளிச்சத்தில் நீள மேசை, எண் வரிசைப்படி பைகள், நடுவில் வெள்ளைத் தட்டு ஒன்றில் இரண்டு விரல் தண்ணீர். கேட்பவருக்குப் பையைப் பிரித்துத் தட்டில் விட்டுக் காட்டலாம். வெள்ளையில்தான் வேரும் தெரியும், ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தையும் தெரியும். கொண்டுவந்தவர் அந்த நேரத்தில் மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். புதியவர் பத்துப் பேர் நடுவில் கேட்கத் தயங்குகிற கேள்வியை அங்கேதான் கேட்பார். அந்த முக்கால் மணி நேரத்தில் உண்டாகிற பழக்கம் பல சமயம் ஏலத்தைவிடப் பெரியது.

ஏலம் விடுகிறவருக்குக் குரல் வளத்தைவிடச் செடி தெரிந்திருப்பது முக்கியம். பையைத் தூக்கி, விளக்குப் பக்கம் சாய்த்துக் காட்டி, நாற்பது நொடியில் சொல்லி முடிக்க வேண்டும். "லாட் 34. அனுபியாஸ் நானா. தண்டைப் பாருங்க, நாலு விரக்கடை நீளம், ரெண்டு முளை விட்டிருக்கு. தொட்டிக்குள்ளயே வளர்ந்தது. தண்டை மண்ணுல புதைச்சிராதீங்க, அழுகிரும். கல்லுலயோ கட்டையிலயோ நூல் போட்டுக் கட்டுங்க. நாப்பதுல ஆரம்பிக்கிறேன்." இவ்வளவுதான். வாங்காத முப்பது பேரும் ஒரு செடியை எப்படி நடுவது என்று கற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெறும் எண்ணையும் விலையையும் கத்துகிற ஏலத்தில், தன் லாட் வரும்வரை எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலையாளத்தில் ஏலத்தை லேலம் என்பார்கள், ஆனால் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்பது இரண்டு பக்கத்துக் காதுக்கும் புரியும். மூன்றாம் தரம் சொல்லும் முன் ஒரு மூச்சு நிறுத்துங்கள், கூச்சப்படுகிறவர் அந்த இடைவெளியில்தான் கை தூக்குவார்.

எளிய செடிக்கு 20 ரூபாயில் தொடக்கம், கட்டையில் கட்டி வளர்க்கும் செடிக்கு 40. நூறு வரை பத்துப் பத்தாக ஏறட்டும், முந்நூறு வரை இருபது இருபதாக, அதற்கு மேல் ஐம்பது. எழுபதும் எண்பதும் மைக்கில் ஒன்றுபோல் காதில் விழும். முடிந்த விலையை உடனே சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்ட ஒருவர் வேண்டும். கணக்கை இருவர் தனித்தனியாக எழுத வேண்டும்: லாட் எண், வாங்கியவர் அட்டை எண், விலை. இரண்டு நோட்டும் பொருந்தாத இடத்தை அங்கேயே தீர்த்துவிட்டால் பிறகு மனக்கசப்பு இல்லை. ஆளுக்கு ஒரு எண் அட்டை கொடுப்பதும் இதற்காகத்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை, அட்டையைத் தூக்குவது கை தூக்குவதைவிடக் கூச்சம் குறைவு.

முதல் எட்டுப் பத்து லாட்டுகளைப் புதியவர் சுற்றாக வையுங்கள். இரண்டு ஏலத்துக்கு மேல் வராதவர்கள் மட்டும் கேட்கலாம், 60 ரூபாய்க்கு மேல் ஏறாது. அதில் சாகாத செடிகளை மட்டும் போடுங்கள்: வாலிஸ்நேரியா, ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, ஜாவா ஃபெர்ன், ஹார்ன்வொர்ட். கோயில் ஏலத்தில் ஒரு எலுமிச்சை ஆயிரக்கணக்கில் போவது சாமிக்காக. அங்கே போட்டி அழகு. இங்கே பணம் உள்ள ஒருவரே எல்லாப் பையையும் அள்ளிக்கொண்டு போனால் மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஒரே வகையில் ஒருவருக்கு ஒரு பைதான் என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வரிசை போடுவதிலும் கவனம் வேண்டும். அரிய செடிகளை எல்லாம் கடைசிக்கு வைத்தால், மேட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போவார்கள். முதலிலேயே விட்டால் வாங்கிவிட்டுப் போவார்கள். பத்து லாட்டுக்கு ஒன்று என்று தூவிவிடுங்கள். ஒரு லாட்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் 90 லாட்டுக்கு ஒன்றரை மணி, இடையில் டீக்குக் கால் மணி. இதைத் தாண்டினால் உட்காரமாட்டார்கள், கடைசி இருபது பையும் தூசு விலைக்குப் போகும்.

விற்பவர் சோர்ந்துபோவது பெரும்பாலும் ஒரே செடி குவிவதால்தான். மழை முடிந்ததும் எல்லோர் தொட்டியிலும் கப்பி கிராஸும் ஜாவா மாஸும் ஒன்றாகப் பொங்கும். ஒரே ஏலத்தில் பன்னிரண்டு பை மாஸ் வந்தால் முதல் பை 50-க்கும் எட்டாவது பை பத்துக்கும் போகும். அந்த எட்டாவது ஆள் அடுத்த முறை வெட்டியதைக் குப்பையில்தான் போடுவார். ஆளுக்கு 6 பை, ஒரே வகையில் மொத்தம் 3 பை என்று வரம்பு வைத்து, என்ன கொண்டுவருகிறோம் என்பதைப் பத்து நாள் முன்னே சொல்லச் சொல்லுங்கள். முந்திச் சொன்னவருக்கு இடம். விலை போகாத பையை அடுத்த லாட்டோடு சேர்த்துக் கட்டி விடலாம், அதுவும் போகாவிட்டால் புதியவர் மேசைக்கு இலவசம்.

விலையில் 70 பங்கு கொண்டுவந்தவருக்கு, 30 பங்கு மண்டபத்துக்கும் டீக்கும். பிரித்துக் கொடுப்பது அன்று மாலைக்குள் முடிய வேண்டும். ஒரு வாரம் இழுத்தால், 210 ரூபாய்தானே என்று கேட்காமல் இருந்துவிடுவார், ஆனால் அடுத்த ஏலத்துக்குப் பை கட்டமாட்டார்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது மூன்றாம் வார விசாரிப்பு. வாங்கியவர்களின் பட்டியல் கையில் இருக்கிறது. ஏலம் முடிந்து 21 நாளில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: செடி எப்படி இருக்கிறது? இலை கரைந்தது என்றால் என்ன செய்வது என்று அங்கேயே சொல்லலாம். அடியோடு செத்தது என்றால் கொடுத்தவர் அடுத்த ஏலத்தில் ஒரு கிளை இலவசமாகத் தருவார். பிழைத்ததை அடுத்த ஏலத்தில் பலகையில் எழுதுங்கள்: யார் கொடுத்தது, எந்தத் தண்ணீருக்குப் போனது, என்ன ஆனது. நாலைந்து ஏலத்தில் அந்தப் பலகை ஊருக்கு ஏற்ற செடிப் பாடமாகிவிடும். எந்தச் செடி கம்பத்துப் போர் தண்ணீரில் நிற்கிறது என்பதை வெளியூர்ப் புத்தகம் எதுவும் சொல்லாது. அமெரிக்காவின் மீன் வளர்ப்புக் குழுக்கள் பலவற்றில் செடியைப் பெருக்கிக் காட்டுகிறவருக்குப் புள்ளி தருவார்கள், புள்ளிக்கு ஈடாக அவர் கிளைகளைக் குழுவின் ஏலத்துக்குத் தருவார். இங்கேயும் அது ஒத்துவரும். இன்னும் எளிதாக, ஒரே தாய்ச்செடியிலிருந்து ஐந்தைந்து தண்டு பத்துப் பேருக்குக் கொடுத்து எட்டு வாரம் வளர்க்கச் சொல்லுங்கள். மேலேயும் கீழேயும் அது எப்படி வேறுபடுகிறது என்று மேசையில் வரிசையாகப் பார்ப்பதற்கென்றே ஆள் வருவார்கள். அதன் கிளைகளே அடுத்த ஏலத்துக்குச் சரக்கு.

செடி வளர எட்டு வாரமாவது ஆகும் என்பதால் மாதாமாதம் ஏலம் வேண்டாம், வருஷத்துக்கு நாலு போதும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம், வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். அந்த மாதங்களில் குமுளியில் வைத்தால் பாதிப் பேர் வழியிலேயே நிற்பார்கள், போடியில் வையுங்கள். ஆனி, ஆடியில் மலைப்பாதையில் மண் சரியும். சித்திரை, வைகாசி வெயிலில் கீழே மண்டபம் எடுத்தால் பைகள் வெந்துபோகும், அப்போது மேலே.

சில செடிகளை எவ்வளவு விலை போனாலும் ஏலத்தில் எடுக்கக் கூடாது. ஆகாயத்தாமரையும், ஆப்பிரிக்கன் பாயல் என்று மலையாளத்தில் சொல்கிற சால்வீனியா மொலஸ்டாவும் கேரளத்துக் காயலையும் வயலையும் என்ன பாடு படுத்துகின்றன என்பது கண்முன்னால் இருக்கிறது. 2020-இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டி ஓடையில் இளஞ்சிவப்பாகப் பூத்து ஊரே பார்க்கப் போனது கபோம்பா ஃபர்கேட்டா. மீன்தொட்டிக்கென்று வாங்கி விற்கப்படுகிற செடிதான் அது. ஒரு பக்கம் பெரியாறு புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். இந்தக் காட்டு ஓடைகளில் பறித்த செடி மேசைக்கு வந்தால் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏன் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அடுத்தவர் முன்னால் சொன்னால் நல்ல உறுப்பினரை இழப்போம்.

ஏலம் முடிந்ததும் மேசையில் சிந்தியது, கழுவிய வாளித் தண்ணீர், யாரும் எடுக்காத கட்டுகள் என்று ஒரு கூடை மிஞ்சும். அதை மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் கொட்டத்தான் கை போகும். வாளித் தண்ணீரை மெல்லிய துணியில் வடித்துத் தென்னை மரத்தடியில் ஊற்றுங்கள். துணியில் நின்றதையும் கட்டுகளையும் மொட்டைமாடியில் பரப்பி, கையில் நொறுங்குகிற அளவுக்குக் காய்ந்த பிறகு உரக்குழியில் போடுங்கள். வெயில் நாளில் மூன்று நாள், மழைக்காலத்தில் மலைமேல் ஒரு வாரம்கூட ஆகும். அதுவரை கூடையை யார் வீட்டுக்கு எடுத்துப்போவது என்பதையும் ஏலம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.